மலைமேல் ஒரு பள்ளி, தோட்டத்தில் ஒரு பள்ளி

ஆப்பிரிக்கக் கண்டத்தில் கெனியா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் நைரோபி. அந்நகரத்தின் ஓரத்தில், முன்பு காப்பித் தோட்டமாக இருந்த நிலத்தில், இன்று ஒரு பெரிய பள்ளிக்கூடம் நிற்கிறது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1976-ஆம் ஆண்டில் அதை ஏற்படுத்தின. கெனியா அனைத்துலகப் பள்ளி என்பது அதன் பெயர். நாடோ ஆப்பிரிக்க நாடு. நிலமோ காப்பித் தோட்டம். நடப்பதோ அமெரிக்கப் பாடம்!

தோட்டம் என்றதும் நமக்கு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது அல்லவா, வாசகர்களே? ஆனால் அந்தப் பள்ளி காப்பி பறித்தவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டதன்று. தூதரக அதிகாரிகள், வெளிநாட்டு நிறுவனங்களின் மேலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். இப்போது கோலாலம்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் "அனைத்துலகப் பள்ளி" என்ற பலகை தெரிகிறது. தோட்டத்தை விட்டுச் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடிகளில் குடியேறிய நம் பெற்றோர்கள் அந்தப் பலகைகளைப் பார்க்கிறார்கள். சிலர் அந்தப் பள்ளிகளில் காவலராக, பேருந்து ஓட்டுநராக, துப்புரவுப் பணியாளராக வேலை செய்கிறார்கள். "அங்கே அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் ஐயா? நம் பிள்ளைக்கு அது கிடைக்காதா?" என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பள்ளியில் வெண்கட்டி பிடித்துவரும் எனக்கு இந்தக் கேள்வி நியாயமானதாகவே படுகிறது. ஆகவே, அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, நமக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கொடைக்கானல் கதை

இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள ஆப்பிரிக்காவரை போகவேண்டியதில்லை. நம் பாட்டன்மார் கப்பலேறிய தமிழ்நாட்டிலேயே அது இருக்கிறது.

அமெரிக்கப் பாதிரிமார்கள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். சமவெளியின் வெயிலும், காய்ச்சலும், காலராவும் அவர்களை வாட்டின. பலர் மனைவியையும் குழந்தைகளையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். உயிர் பிழைக்க இடம் தேடி அவர்கள் பழனி மலைமேல் ஏறினார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடுகிற ஏரி அதற்குப் பின்னால், 1863-இல், வெட்டப்பட்டது.

அந்த மலைக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் துரைமாரும் துரைசானிமாரும் எப்படிப் போனார்கள் தெரியுமா? நாற்காலி கட்டிய டோலியில் உட்கார்ந்து போனார்கள். தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் தமிழ்க் கூலிகள். அந்தச் செங்குத்துப் பாதைக்கே கூலிப்பாதை என்று பெயர் வந்தது. அந்தப் பேர் சொல்லாத தோள்கள்தாம் பின்னால் அங்கே எழுந்த பள்ளிக்கூடத்தின் முதல் படிக்கட்டு.

பாதிரிமாருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆறேழு வயதானால் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பவேண்டும். அனுப்பிவிட்டால் பல ஆண்டுகள் முகம் பார்க்க முடியாது. இந்தப் பிரிவைத் தவிர்க்கத்தான் 1901-இல் கொடைக்கானலில் ஹைக்ளெர்க் பள்ளியைத் திறந்தார்கள். அதன் முதல் தலைமையாசிரியை மார்கரெட் எடி என்ற அம்மையார். சேர்ந்த பிள்ளைகள் 13 பேர். பிள்ளை அமெரிக்காவுக்குத் திரும்பும்போது அங்குள்ள வகுப்பில் தட்டில்லாமல் சேரவேண்டும் என்பதால் பாடம் அமெரிக்கப் பாடமாகவே இருந்தது.

ஆப்பிரிக்காவிலும் கதை இதேதான். கெனியாவின் கிஜாபே என்ற மலையூரில், பாதிரிமாரின் பிள்ளைகளுக்காக 1906-இல் ரிப்ட் வேலி அகாடமி தொடங்கியது. 1909-இல் அப்பள்ளிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர், அப்போதுதான் பதவிக்காலம் முடித்திருந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்.

காலம் மாறியது. இந்தியாவில் பாதிரிமார் குறைந்தார்கள். ஹைக்ளெர்க் பள்ளி 1970-களில் கொடைக்கானல் அனைத்துலகப் பள்ளி என்று பெயர் பெற்றது. இந்தியப் பிள்ளைகளும் பல நாட்டுப் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். 1976-இல், ஐ.பி. எனப்படும் அனைத்துலகப் பட்டயப் படிப்பை இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய பள்ளியும் அதுதான். 13 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி நூறாண்டு கடந்து இன்றும் நடக்கிறது.

கோலாலம்பூருக்கு வந்தது எப்படி?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் உலகெங்கும் பரவினார்கள். தூதரகம், எண்ணெய், வங்கி, தொழிற்சாலை என்று போன இடமெல்லாம் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. 1964-இல் அமெரிக்க வெளியுறவு இலாகா, வெளிநாட்டுப் பள்ளிகளுக்கென்றே ஒரு தனி அலுவலகம் அமைத்தது. அடுத்த ஆண்டே, 1965-இல், நம் கோலாலம்பூரிலும் ஒரு பள்ளி எழுந்தது. கோலாலம்பூர் அனைத்துலகப் பள்ளி என்ற அது 2018 முதல் அம்பாங் ஹிலிரில் புதிய வளாகத்தில் நடக்கிறது. செந்தூலிலிருந்து பார்த்தால் அது அடுத்த பேட்டை மாதிரிதான். ஆனால் கட்டணத்தைக் கேட்டால் அடுத்த கண்டம் மாதிரி இருக்கும்!

அங்கே மேல்வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்குகிற ஒருவர் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் ஐந்தாண்டு சேர்த்தால்தான் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்குக் கட்டலாம்.

எல்லா அனைத்துலகப் பள்ளிகளும் இவ்வளவு வாங்குவதில்லை. மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் சேரக்கூடாது என்ற கட்டுப்பாடு 2012-இல் நீங்கிய பிறகு, நடுத்தரக் குடும்பங்களைக் குறிவைத்துப் பல பள்ளிகள் தோன்றின. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள். கட்டணம் குறைவு என்றாலும், அதற்காக நகையை அடகு வைக்கிற நிலைமை நம்மவர்களுக்கு வரத்தான் செய்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே படிப்பு எப்படி நடக்கிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் நம் நாட்டைப்போல நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. ஐம்பது மாநிலங்களும் தத்தம் பாடத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. பாலர் வகுப்பு ஒன்று, அதன்மேல் பன்னிரண்டு வகுப்புகள். இந்தக் கட்டமைப்புதான் எல்லோருக்கும் பொது. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரையுள்ள நான்காண்டை ஹைஸ்கூல் என்கிறார்கள்.

ஹைஸ்கூல் முடிவில் நம் எஸ்.பி.எம். போல நாட்டுக்கே பொதுவான ஒரு தேர்வு இல்லை. அப்படியானால் எப்படித் தேறுகிறார்கள்? தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் பெரட்டில் பேர் விழுந்தால்தான் மாதக் கடைசியில் சம்பளம் சேரும். கடைசி நாள் மட்டும் வந்து நின்று முழுச் சம்பளம் கேட்க முடியாது. அங்கே படிப்பும் அப்படித்தான். ஒரு பாடத்தை ஓராண்டு ஒழுங்காகப் படித்துத் தேறினால் ஒரு கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 120 மணி நேர வகுப்பு என்று நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு என்று கட்டாயப் பாடங்கள் உண்டு. இசை, ஓவியம், நாடகம், தச்சு என்று பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிற பாடங்களும் உண்டு. வேண்டிய கிரெடிட்டுகள் நான்காண்டில் சேர்ந்தால் பள்ளியே பட்டயம் கொடுத்துவிடும்.

மதிப்பெண்ணும் அப்படியே. வகுப்பில் எழுதிய சிறு தேர்வு, வீட்டில் செய்த கட்டுரை, குழுவாகச் செய்த ஆய்வு, எழுந்து நின்று பேசிய பேச்சு, ஆண்டிறுதித் தேர்வு எல்லாவற்றையும் சேர்த்துத் தரம் போடுகிறார்கள். ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1 என்று வைத்து, சராசரி எடுத்து, "நான்குக்கு இத்தனை" என்று சொல்வார்கள்.

பட்டயத்தைப் பள்ளியே கொடுப்பதானால் அதை யார் நம்புவது? அங்கேதான் அங்கீகாரம் என்ற ஏற்பாடு வருகிறது. பள்ளிக்குச் சம்பந்தமில்லாத வெளிச் சங்கம் ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து வகுப்பறை, ஆசிரியர், நூலகம், கணக்கு எல்லாவற்றையும் சோதிக்கிறது. கொடைக்கானல் பள்ளிக்கு அமெரிக்காவின் மிடில் ஸ்டேட்ஸ் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறது. "அமெரிக்கப் பாடத்திட்டம்" என்று பலகையில் எழுதுவது எளிது. "உங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்?" என்று நீங்கள் கேட்கும்போதுதான் உண்மை தெரியும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அதே மிஷன், இன்னொரு பள்ளி

இப்போது கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். கொடைக்கானலில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த அதே அமெரிக்க மிஷன், அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வைத்திருந்தது. 1816-இல் அவர்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். (அதே 1816-இல்தான் நம் பினாங்கு ப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது.) 1823-இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கலாசாலை, 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது!

வட்டுக்கோட்டையில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படித்தார்கள். கணிதமும் வானநூலும் படித்தார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். பின்னால் ஏட்டுச் சுவடிகளில் கிடந்த கலித்தொகை போன்ற நூல்களை அச்சேற்றியவரும் அவரே.

ஆனால் 1855-இல் அந்தக் கலாசாலையை மிஷன் மூடிவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எளிய ஆரம்பப் பள்ளி போதும், ஆங்கில உயர்கல்விக்கு மிஷன் பணத்தைச் செலவழிக்கவேண்டாம் என்று மேலிடத்தில் முடிவானது. யாழ்ப்பாணத்தார் அத்தோடு சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டார்கள், தாங்களும் பணம் திரட்டினார்கள், 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்படித்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ரயில்வே அலுவலகங்களில் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்தார். ஒரே மொழி, ஒரே ரயில்வே. ஒருவர் கையில் பேனா, இன்னொருவர் கையில் சம்மட்டி. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பிறவியன்று. ஒரு பக்கத்தில் நூறாண்டாக நல்ல பள்ளிகள் இருந்தன; மறுபக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்.

நம் தோட்டங்களைப் பாருங்கள். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் நல்ல சட்டம்தான். நடைமுறையில் பல இடங்களில் ஒரு கொட்டகை, கொஞ்சம் பலகை, படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் என்ற நிலைதான் இருந்தது. துரையின் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 1934-இல் கேமரன் மலையில் அவர்களைப் போன்ற ஐரோப்பியப் பிள்ளைகளுக்கென்று டங்ளின் விடுதிப் பள்ளி திறக்கப்பட்டது. அது பிரிட்டிஷ் பாடம். நாடு வேறு, பாடம் வேறு என்றாலும் முறை ஒன்றுதான்: மலைமேல் ஒரு பள்ளி, கீழே ஒரு பள்ளி.

துரை தம் பிள்ளைக்குத் தேடிய பள்ளியை நாம் குறை சொல்லவில்லை. எந்தத் தகப்பனும் அதைத்தான் தேடுவான். சின்ன வகுப்பு, நூலகம், விளையாட்டு மைதானம், பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர் ஆகியவை எந்தப் பிள்ளைக்கும் நல்லவையே. லயத்துப் பிள்ளைக்கும் நல்லவையே.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

பெற்றோரே, இனி நம் வீட்டுக்கு வருவோம். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டது, 2022-இல் பி.டி.3 நிறுத்தப்பட்டது. ஆண்டு முழுவதும் ஆசிரியர் வகுப்பிலேயே பிள்ளையைக் கவனித்துப் பதிவு செய்கிற வகுப்புசார் மதிப்பீடு முக்கிய இடம் பெற்றது. "தேர்வே இல்லையாம், பிள்ளை எங்கே படிக்கப் போகிறது?" என்று நம்மில் பலர் குறைபட்டுக்கொண்டோம். பணக்காரர் ஒரு லட்சம் வெள்ளி கட்டி வாங்குகிற முறையும் ஏறத்தாழ இதுதான்! ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பெற்றோர் அடிக்கடி பள்ளிக்குப் போய், "என் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறான்?" என்று கேட்கிறார்கள். இங்கே மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே முதற்காரியம்: அந்த அறிக்கையைப் படியுங்கள். ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை எழுதியிருக்கும். இரண்டிலோ மூன்றிலோ நிற்கிற பாடம் எது என்று பாருங்கள். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வேலை முடிந்து கைலியோடு வந்தாலும் பரவாயில்லை. உங்களைப் பார்த்தால் ஆசிரியருக்கு மகிழ்ச்சிதான்.

இரண்டாவது: படிக்கிற பழக்கம். அந்தப் பள்ளிகளின் பெருமையில் பாதி நூலகத்தில் இருக்கிறது. நம் பள்ளி நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு வரட்டும். நீங்கள் சமைக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கட்டும். படித்து முடித்ததும், "அப்புறம் என்ன ஆச்சு? நீயாயிருந்தா என்ன செய்திருப்பே?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அமெரிக்க வகுப்பறையில் ஆசிரியர் கேட்பதும் இதே கேள்விதான்.

மூன்றாவது: பேசவிடுங்கள். "பெரியவங்க பேசும்போது வாயை மூடு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்காது. மரியாதையும் வேண்டும், கேள்வியும் வேண்டும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம்.

நான்காவது: சிறிய பள்ளியைக் கண்டு பயப்படாதீர்கள். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் கணக்கில் வைக்கிறது. நம் தோட்டப் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில் வருபவை. "பிள்ளைகளே இல்லாத பள்ளி" என்று சிலர் முகம் சுளித்துப் பட்டணத்துப் பெரிய பள்ளியில் போய்ச் சேர்க்கிறார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே என்பதைத்தான் அனைத்துலகப் பள்ளிகள் விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுகின்றன! அது உங்கள் வாசலில் இலவசமாக இருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை, பழைய கட்டடம், தொலைவு போன்ற குறைகள் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் குறைகளுக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள், மனுப் போடுங்கள். யாழ்ப்பாணத்தார் பதினேழு ஆண்டு கழித்தாவது தங்கள் கலாசாலையைத் திரும்பப் பெற்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

கையில் வசதி இருக்கிறது, பிள்ளையை அனைத்துலகப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்பவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். நம் நாட்டில் அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளில் தேர்ச்சி கேட்கிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கே மலாய்மொழியும் வரலாறும் தேறியிருக்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டயம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல சாவி. உள்நாட்டுக் கதவுகள் சிலவற்றுக்கு அந்தச் சாவி பொருந்தாது. பாதியில் பணம் தட்டுப்பட்டு, பிள்ளையை அரசாங்கப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்தால், மலாய்மொழியில் தடுமாறித் தவிப்பது அந்தப் பிள்ளைதான். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, நான் சொல்வது இது. வரும் வாரம் பிள்ளையின் பையைத் திறந்து மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பையில் இல்லையென்றால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அந்த நடைக்குக் கட்டணம் இல்லை.